பயிற்சியாளரான ஆட்டக்காரர் திதியே தெஷாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திதியே தெஷாம் யார்?

1998ஆம் ஆண்டு உலகக் கோப்பையைப் பிரான்ஸ் முதன்முறையாக வென்றபோது அவ்வணியின் தலைவராக இருந்தவர். இருபது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே அணி இரண்டாவது முறை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர். 1968 அக்டோபர் 15 அன்று பிரான்சின் தென்மேற்கு மூலையில், பாஸ்க் மக்கள் வாழும் பகுதியான பயோன் நகரில் பிறந்தார். தமிழில் இவர் பெயரை டிடியர் டெஷாம்ப்ஸ் என்றும் எழுதுகிறார்கள். பிரெஞ்சு உச்சரிப்பை ஒட்டி இங்கே தெஷாம் என்று எழுதப்பட்டிருக்கிறது.

களத்தில் எந்த இடத்தில் ஆடினார்?

தற்காப்பு நடுக்கள வீரராக ஆடினார். பின்கள வீரர்களுக்குச் சற்று முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதலை முளையிலேயே தடுத்து, பந்தைப் பறித்ததும் அதைத் தானே கொண்டு ஓடாமல் தன்னைவிடத் திறமையாக அதைப் பயன்படுத்தக்கூடிய சக வீரரிடம் சேர்த்துவிடுவது அவருடைய வேலை. பிரான்சுக்காக ஆடிய 103 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் நான்கு மட்டுமே என்பதிலிருந்தே அந்த வேலையின் தன்மை விளங்கும். அவரைவிட உயரமானவர்களும் வேகமானவர்களும் அந்த அணியில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் யார் எங்கே நிற்கிறார், யார் தன் இடத்தை விட்டு வெளியே போய்விட்டார், அந்த ஓட்டையை யார் அடைக்க வேண்டும் என்பதை ஆட்டத்தின் ஒவ்வொரு நொடியும் கணக்கிட்டுக்கொண்டே இருந்தவர் அவர்தான். ஓடிக்கொண்டே கையை நீட்டிச் சக வீரர்களை இடம் மாற்றி நிறுத்தும் அவருடைய உருவம் அந்த ஆண்டுகளின் ஆட்டப் பதிவுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பிற்காலத்தில் கோட்டுக்கு வெளியே நின்று அவர் செய்த காரியத்தை அப்போதே கோட்டுக்குள் செய்துகொண்டிருந்தார் என்பது என் உறுதியான எண்ணம்.

'தண்ணீர் சுமப்பவர்' என்று அவரை ஏன் அழைத்தார்கள்?

அவரோடு பிரான்ஸ் அணியில் ஆடிய எரிக் கண்டோனா 1996இல் சொன்ன சொல் அது. மற்றவர்கள் ஆட, இவர் அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் எடுபிடி மட்டுமே என்பது அதன் உட்பொருள். தெஷாமின் பெயரோடு அது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லில் இருக்கும் ஏளனத்தை நான் ஏற்கவில்லை. அணியின் நட்சத்திர ஆட்டக்காரரான ஜிடேன் போன்ற ஒருவர் முன்னால் சுதந்திரமாக ஆட வேண்டுமென்றால் பின்னால் யாராவது ஒருவர் காவல் நிற்க வேண்டும். அந்த வேலையைக் குறையில்லாமல் செய்பவர் கிடைப்பது அரிது.

கிளப் வீரராக எங்கெல்லாம் ஆடினார்?

நான்ட் கிளப்பின் இளையோர் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்து, 1985இல் அதன் முதல் அணிக்காகக் களமிறங்கினார்; பின்னாளில் உலகக் கோப்பையை உடன் வென்ற மார்செல் தெசாய்யி அங்கேயே அவருடன் வளர்ந்த நண்பர். 1987இல் தெஷாமின் அண்ணன் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது தெஷாமுக்கு வயது 19.

1989இல் மார்செய் கிளப்புக்குச் சென்றார். இடையில் ஓராண்டு பிரான்சின் போர்டோ கிளப்புக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 1993 மே மாதம் மியூனிக்கில் மிலானை 1-0 என்று வென்று, ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மார்செய் கைப்பற்றியபோது, 24 வயதிலேயே அதன் தலைவராக இருந்தார். ஆனால் அதே பருவத்தில் வலான்சியன் அணியுடனான லீக் ஆட்டத்தில் முறைகேடு நடந்ததாக வெளிவந்த விவகாரத்தால் மார்செயின் லீக் பட்டம் பறிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

1994இலிருந்து ஐந்து ஆண்டுகள் இத்தாலியின் ஜூவென்டஸ். அங்கே 1995, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டமும், 1996இல் அயாக்ஸைப் பெனால்டியில் வென்று இன்னொரு சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் கிடைத்தன. அதன்பின் இங்கிலாந்தின் செல்சியில் ஓராண்டு ஆடி 2000ஆம் ஆண்டின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். ஸ்பெயினின் வலென்சியாவில் கழித்த ஓராண்டோடு, 2001இல், 32 வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

1993ஆம் ஆண்டின் பல்கேரிய ஆட்டம் அவர் வாழ்க்கையில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற, பாரிசில் நடக்கும் கடைசித் தகுதிச்சுற்று ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்காமல் இருந்தாலே பிரான்சுக்குப் போதும். 1993 நவம்பர் 17 இரவு, ஆட்டம் 1-1 என்று இருந்தது. முடியச் சில நொடிகளே மிச்சம். பல்கேரியாவின் மூலைக்கொடி அருகே பிரான்சுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்தை அங்கேயே வைத்து நேரத்தைக் கடத்தியிருக்கலாம். மாற்று வீரராக வந்திருந்த டேவிட் ஜினோலா பந்தை உள்ளே தூக்கி அடிக்க, அது யாரிடமும் சேராமல் பல்கேரியர்களின் காலில் விழுந்தது. அடுத்த சில நொடிகளில் எமில் கோஸ்டாடினோவ் அதைப் பிரான்சின் வலைக்குள் செலுத்திவிட்டார். 1-2. உலகக் கோப்பை போயிற்று.

தெஷாம் அன்று களத்தில் இருந்தார். 1990 உலகக் கோப்பைக்கும் பிரான்ஸ் தகுதி பெறாததால், தன் 29ஆம் வயதில்தான் அவரால் முதன்முதலாக ஓர் உலகக் கோப்பையில் ஆட முடிந்தது. அவருடைய அணிகள் ஒரு கோல் முன்னிலையைக் காக்கும்போது காட்டும் பிடிவாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூலைக்கொடிதான் நினைவுக்கு வருகிறது.

1998, 2000 வெற்றிகளில் அவர் பங்கு என்ன?

பல்கேரியத் தோல்விக்குப் பின் பயிற்சியாளராக வந்த எமே ஜாக்கே, கண்டோனா போன்ற பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஒரு புதிய கூட்டத்தைக் கட்டினார். அதன் தலைவராகத் தெஷாமைத் தேர்ந்தார். 1998 ஜூலை 12 அன்று பாரிசின் புறநகரில் உள்ள ஸ்டாட் த பிரான்ஸ் மைதானத்தில் பிரேசிலை 3-0 என்று பிரான்ஸ் வென்றது. இரண்டு கோல்களைத் தலையால் அடித்த ஜிடேனைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயமும்கூட. இரண்டாண்டுகள் கழித்து ராட்டர்டாமில் இத்தாலியைத் தங்க கோலில் (கூடுதல் நேரத்தில் முதலில் கோல் அடிக்கும் அணியே வெல்லும் முறை) 2-1 என்று வென்று, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையையும் தெஷாம் கையில் ஏந்தினார். அந்த ஆண்டே தேசிய அணியிலிருந்து விடைபெற்றார்.

ஆட்டத்தை விட்ட கையோடு பயிற்சியாளர் ஆகிவிட்டாரா?

ஆம், அதே 2001இல் மொனாக்கோ கிளப் அவரை அழைத்துக்கொண்டது. தொடக்கம் தடுமாற்றமாக இருந்தாலும், 2003இல் பிரெஞ்சு லீக் கோப்பையை வென்றார். அடுத்த பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரியல் மாட்ரிடையும் அரையிறுதியில் செல்சியையும் வீழ்த்தி இறுதிவரை போனார். ரியல் மாட்ரிடை வீழ்த்தியதில் முக்கியப் பங்கு வகித்த பெர்னாண்டோ மோரியென்டெஸ், அதே ரியல் மாட்ரிடிலிருந்து இரவலாக வந்திருந்த வீரர். இறுதி ஆட்டத்தில் மொரின்யோ பயிற்சியளித்த போர்ச்சுகலின் போர்ட்டோ அணி 3-0 என்று வென்றது.

2006இல் ஜூவென்டஸை ஏற்ற துணிவைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். நடுவர் நியமன ஊழலுக்குத் தண்டனையாக இத்தாலியின் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, புள்ளிகளும் வெட்டப்பட்ட நிலையில் இருந்தது அந்தக் கிளப். புஃபோன், டெல் பியெரோ, நெட்வெட், டிரெசெகே போன்ற சிலர் மட்டும் தங்கினார்கள், பலர் வெளியேறினார்கள். அந்தப் பருவத்திலேயே அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்து மேல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, நிர்வாகத்துடன் கருத்து வேறுபட்டு விலகினார். பிறகு 2009 முதல் 2012 வரை மார்செய்: 2010இல் அக்கிளப்புக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் கிடைத்தது, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக் கோப்பையும் கிடைத்தது. கடைசிப் பருவத்தில் லீக்கில் பத்தாம் இடத்துக்கு இறங்கியதும் உண்மை.

தேசிய அணியின் பயிற்சியாளர் வேலை கிளப் வேலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தெஷாமைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளப் பயிற்சியாளருக்கு வீரர்கள் நாள்தோறும் கையில் இருப்பார்கள். தேவையான ஆளை விலைக்கு வாங்கலாம், ஒரு புதிய ஆட்டமுறையை மாதக்கணக்கில் பழக்கலாம். தேசிய அணிப் பயிற்சியாளருக்கோ ஆண்டில் சில முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் அளவில்தான் வீரர்கள் கிடைக்கிறார்கள். அவர்களும் வெவ்வேறு கிளப்புகளில் வெவ்வேறு முறைகளில் ஆடிவிட்டு, பலர் களைத்தும் சிலர் காயத்தோடும், பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள கிளேர்ஃபோன்டேன் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்கிறார்கள். முதல் இரண்டு நாள் உடல் தேறுவதற்கே போய்விடும். நுணுக்கமான தாக்குதல் முறைகளைச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. தற்காப்பு ஒழுங்கையும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையையும் பதியவைக்க மட்டுமே நேரம் இருக்கும்.

ஆகவே யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. பிரெஞ்சு மொழியில் தேசிய அணிப் பயிற்சியாளரைக் குறிக்கும் சொல்லுக்கே 'தேர்வு செய்பவர்' என்றுதான் பொருள். ஒரு மாதம் ஒரே விடுதியில் அடைந்து கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்களில், ஆட வாய்ப்பே கிடைக்காத ஏழெட்டுப் பேர் முகம் சுளிக்காமல் இருப்பார்களா என்பதையும் சேர்த்தே அந்தத் தேர்வைச் செய்ய வேண்டும். 2014 உலகக் கோப்பைக்குச் சமீர் நஸ்ரியை அவர் சேர்க்காததற்கு, நஸ்ரி மாற்று வீரராக உட்கார நேர்ந்தால் அணிக்குள் என்ன நடக்கும் என்ற கவலையும் ஒரு காரணம்.

2012இல் அவர் பொறுப்பேற்றபோது அணி எப்படி இருந்தது?

நொந்துபோயிருந்தது. 2010 உலகக் கோப்பையின்போது தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் வீரர்கள் பேருந்தை விட்டு இறங்காமல் பயிற்சியைப் புறக்கணித்த காட்சியை நாடே வெட்கத்தோடு பார்த்திருந்தது. 2012 ஜூலையில் லொரான் பிளானுக்குப் பின் தெஷாம் வந்தார். 2013 நவம்பர் 15 அன்று கீவில் நடந்த தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் உக்ரைனிடம் 0-2 என்று பிரான்ஸ் தோற்றது. நான்கே நாள் இடைவெளியில், முதல் ஆட்டத்தில் ஆடியவர்களில் ஐந்து பேரை மாற்றி, பாரிசில் 3-0 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த இரவு தோற்றிருந்தால் தெஷாமின் பயிற்சியாளர் காலம் அத்துடன் முடிந்திருக்கக்கூடும். பார்வையாளர்கள் தங்கள் அணியை மறுபடி நேசிக்கத் தொடங்கியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

முன்கள வீரர் கரீம் பென்சிமாவை ஏன் ஐந்தரை ஆண்டுகள் சேர்க்கவில்லை?

சக வீரர் மத்தியூ வல்புவேனாவை ஓர் அந்தரங்கக் காணொளியை வைத்து மிரட்டிய வழக்கில் 2015இல் பென்சிமாவின் பெயர் அடிபட்டது. அன்றிலிருந்து அவர் அழைக்கப்படவில்லை. 2016 யூரோ கோப்பைக்கு முன், பிரான்சில் உள்ள இனவெறி பிடித்த ஒரு சாராரின் அழுத்தத்துக்குத் தெஷாம் பணிந்துவிட்டார் என்று பென்சிமா ஸ்பானியப் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார். அதற்குச் சில நாட்களில் பிரிட்டனி கரையோர ஊரான கொன்கார்னோவில் உள்ள தெஷாமின் வீட்டுச் சுவரில் 'இனவெறியர்' என்று யாரோ எழுதிவிட்டுப் போனார்கள். பல இனங்களைச் சேர்ந்த வீரர்களோடு வாழ்நாள் முழுவதும் ஆடியவருக்கு அது ஆறாத காயமாயிற்று. ஆயினும் 2021 மே மாதம் இருவரும் நேரில் பேசியபின் பென்சிமாவை மீண்டும் அணியில் சேர்த்தார். அந்த உரையாடலின் விவரத்தை இருவரும் வெளியிடவில்லை. வழக்கில் பென்சிமா குற்றவாளி என்று அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 உலகக் கோப்பையை எப்படி வென்றார்?

2016 யூரோ இறுதியில், சொந்த மண்ணில், போர்ச்சுகலிடம் கூடுதல் நேரத்தில் 0-1 என்று தோற்ற வலி இருந்தது. ரஷ்யாவில் ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தில் வேகமான இளைஞர்களை முன்னால் நிறுத்தினார். 2-1 என்று வென்றாலும் ஆட்டம் ஒட்டவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே நடுக்களத்தின் இடப்பக்கம் பிளேஸ் மத்துயிதியையும் முன்னால் ஒலிவியே ஜிரூவையும் கொண்டுவந்தார். ஜிரூ அந்தப் போட்டித்தொடர் முழுவதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் எதிரணியின் பின்கள வீரர்களைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொண்டு, 19 வயதுக் கிலியன் எம்பாப்பேக்கும் கிரீஸ்மனுக்கும் ஓட வெளி உண்டாக்கிக் கொடுத்தார். தண்ணீர் சுமப்பவரின் மதிப்பு தெரிந்த பயிற்சியாளர்தான் கோல் அடிக்காத முன்கள வீரரைக் கடைசிவரை விடாமல் வைத்திருப்பார்.

அர்ஜென்டினாவை 4-3, உருகுவேயை 2-0, பெல்ஜியத்தை 1-0 என்று வென்று இறுதிக்கு வந்தார்கள். ஜூலை 15 அன்று மாஸ்கோவில் குரோஷியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்தபோதும், நடுக்களத்தில் பிரான்ஸ் திணறியது. 55ஆவது நிமிடத்தில் ங்கோலோ காண்டேயைத் தெஷாம் வெளியே அழைத்துவிட்டார். தொடர் முழுவதும் அணியின் தூணாக இருந்தவர், அதிலும் தெஷாம் ஆடிய அதே இடத்தில் ஆடுபவர். ஆனால் அன்று மஞ்சள் அட்டை வாங்கித் தடுமாறிக்கொண்டிருந்தார். உயரமான ஸ்டீவன் என்சோன்சி உள்ளே வந்ததும் நடுக்களம் அடங்கியது; நான்கு நிமிடத்தில் போக்பா ஒரு கோலும், 65ஆவது நிமிடத்தில் எம்பாப்பே ஒரு கோலும் அடித்தார்கள். முடிவு 4-2.

அவருடைய அணி அழகாக ஆடுவதில்லை என்ற குறை நியாயமானதா?

பாதி நியாயம். இவ்வளவு திறமையான தாக்குதல் வீரர்களை வைத்துக்கொண்டு ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி ஆட வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2024 யூரோ கோப்பையில் அரையிறுதியை எட்டும்வரை பிரான்சுக்குக் கிடைத்த கோல்கள் மூன்றே: இரண்டு எதிரணியினர் தங்கள் வலைக்குள்ளேயே அடித்தவை, ஒன்று பெனால்டி. அதைப் பார்த்து யாரும் உள்ளம் பூரிக்கவில்லை. ஆனால் பெரிய போட்டிகளின் நாக்-அவுட் சுற்றுகளில் ஒரே ஒரு பிழை நான்காண்டு உழைப்பைத் துடைத்தெறிந்துவிடும் என்பதை 1993இல் உடம்பால் அறிந்தவரிடம் வேறு விதமான ஆட்டத்தை எதிர்பார்ப்பதும் சரியில்லை. அவர் பயிற்சியில் பிரான்ஸ் 2016, 2018, 2022 என்று மூன்று பெரும் இறுதிகளில் ஆடியிருக்கிறது. 2021இல் ஸ்பெயினை வென்று, ஐரோப்பியத் தேசிய அணிகளுக்கான நேஷன்ஸ் லீக் பட்டத்தையும் பெற்றிருக்கிறது.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் செய்த மாற்றங்கள் சரியா?

காயத்தால் போக்பா, காண்டே, பென்சிமா ஆகிய மூவரும் இல்லாமல், நோய்த்தொற்றால் சிலர் சோர்ந்திருந்த அணியோடு கத்தாரின் லுசைல் மைதானத்துக்கு வந்தார். அர்ஜென்டினா 36 நிமிடத்துக்குள் 2-0 என்று முன்னிலை பெற்றுவிட்டது. 41ஆவது நிமிடத்தில், இடைவேளைக்குக்கூடக் காத்திராமல், ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்துவிட்டு ராந்தால் கொலோ முவானியையும் மார்க்கஸ் துராமையும் இறக்கினார். மார்க்கஸ், 1998இல் தெஷாமோடு கோப்பையை வென்ற லிலியான் துராமின் மகன். உலகக் கோப்பை இறுதியில், முதல் பாதியில், அதுவரை தன் நாட்டுக்காக அதிக கோல் அடித்திருந்த ஜிரூவை வெளியே அழைப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பலன் உடனே தெரியவில்லை. ஆனால் 80ஆவது நிமிடத்தில் கொலோ முவானி பெனால்டி ஒன்றை வென்று கொடுத்தார். எம்பாப்பே அதைக் கோலாக்கினார். மறு நிமிடமே துராம் தூக்கிக் கொடுத்த பந்தை எம்பாப்பே பறந்தபடி அடித்து 2-2 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் 3-3 என்று ஆகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றது. தொடக்கத்தில் அணி அவ்வளவு மந்தமாக இருந்ததற்குப் பயிற்சியாளரும் பொறுப்பாளிதான். அதைத் திருத்த அவர் எடுத்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவருடைய மோசமான ஆட்டம் எது?

2021 ஜூன் 28, புகாரெஸ்ட். யூரோ கோப்பையின் முன்காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக, பழக்கமில்லாத மூன்று நடுப்பின்கள வீரர் முறையில் தொடங்கி, இடைவேளையிலேயே அதைக் கைவிட்டார். பிறகு 3-1 என்று முன்னிலை பெற்றும், கடைசி பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கிப் பெனால்டியில் அணி வெளியேறியது. முன்னிலையைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதைக் கோட்டைவிட்ட நாள் அது.

வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் வேறு யார்?

இருவர். பிரேசிலின் மாரியோ ஜகாலோ 1958, 1962இல் வீரராகவும் 1970இல் பயிற்சியாளராகவும் வென்றார். ஜெர்மனியின் ஃபிரான்ட்ஸ் பெக்கன்பாயர் 1974இல் தலைவராகவும் 1990இல் பயிற்சியாளராகவும் வென்றார். அணித்தலைவராக இருந்து பின் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் பெக்கன்பாயரும் தெஷாமும் மட்டுமே. ஜகாலோவும் பெக்கன்பாயரும் 2024 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் காலமானார்கள்.

எப்போது விலகுவதாக அறிவித்தார்?

2026 உலகக் கோப்பையோடு பொறுப்பை விடுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார். இதற்கு முன் ரேமோன் தொமெனெக் 79 ஆட்டங்களுக்குப் பயிற்சியாளராக இருந்ததே பிரான்சில் சாதனையாக இருந்தது. தெஷாம் நூறு ஆட்டங்களை எப்போதோ தாண்டிவிட்டார்.

அவருடைய முறையைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

2018 ஜூலை 10 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெல்ஜியத்துடன் நடந்த அரையிறுதி. அர்ஜென்டினாவுடனான ஏழு கோல் ஆட்டம் இதைவிடச் சுவையானது என்றாலும் இதையே சொல்வேன். 51ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் அடித்த கார்னரை உம்டிட்டி தலையால் கோலாக்கிய பின், பந்தைத் தொடர்ந்து பார்க்காமல் பந்து இல்லாத இடத்தில் பிரெஞ்சு வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மத்துயிதி இடப்பக்கக் கோட்டை விட்டு உள்ளே வருவதும், போக்பா வழக்கமாக எடுக்கும் துணிச்சலான ஓட்டங்களை அடக்கிக்கொண்டு காவல் நிற்பதும், ஜிரூ தன் பெனால்டி பெட்டிக்குள் திரும்பி வந்து உயரப் பந்துகளைத் தலையால் விரட்டுவதும் தெரியும். இறுதி நிமிடங்களில் எம்பாப்பே பந்தைப் பெல்ஜியத்தின் மூலைக்கொடிப் பக்கம் கொண்டுபோய் நேரத்தைக் கடத்துவார். அப்போது யாரும் அதை உள்ளே தூக்கி அடிக்கவில்லை.